அப்பத்தாவுக்கு ஏன் தனித் தட்டு?

காரைக்குடிப் பக்கத்து ஊரிலிருந்து 42 வயதுச் சகோதரி ஒருவர் மருத்துவரான எனக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் வீதியில் நாலு வருஷத்தில் நாலு பேருக்குப் புற்று. என் மாமியாருக்குக் கர்ப்பப்பை வாயில் வந்து, மதுரையில் கரண்ட் (கதிர் சிகிச்சை) வைத்து, இப்போது நன்றாக இருக்கிறார். என் கொழுந்தனார் போன தை மாதம் கல்லீரல் புற்றில் 44 வயதில் போய்விட்டார். எதிர்வீட்டு ஆச்சிக்கு வயிற்றில். முக்குக் கடைக்காரருக்கு வாயில். ஊருணித் தண்ணீர்தான் காரணம் என்கிறார்கள் சிலர். புற்று கிருமியால் வருவது, ஒட்டிக்கொள்ளும் என்கிறார்கள் சிலர். மாமியாருக்கு இரண்டாங்கட்டில் படுக்கை, தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆகிவிட்டது. என் மகளுக்கு 13 வயது. அப்பத்தாவோடு படுத்துத் தூங்கியவள், இப்போது அவளை விடுவதில்லை. இந்தக் கிருமி எப்படிப் பரவும் என்று செல்போனில் பார்த்த என் நாத்தனார், மாமியாரைப் பற்றி வாய்கூசும்படி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அடுத்த மாதம் வீட்டில் முன்னோருக்குப் படைப்பு. பங்காளிகள் எல்லாரும் வருவார்கள். அவரைப் பந்தியில் உட்கார வைப்பதா என்றே பேச்சு நடக்கிறது. மகளுக்குத் தடுப்பூசி போடச் சொல்லிக் குழந்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். 'பிள்ளைப்பேறு கெட்டுப்போகும், நம்ம பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கு' என்று கணவர் மறுத்துவிட்டார். கொழுந்தனாரின் மருத்துவமனைச் சீட்டில் 'ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்' என்று இருந்தது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. புற்று ஒட்டுமா, ஒட்டாதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரியில்தான் என் கண் நின்றது. உங்கள் வீடு முழுக்க மாமியாரின் தட்டைப் பார்த்துப் பயப்படுகிறது. அந்தத் தட்டில் எந்த ஆபத்தும் இல்லை. கொழுந்தனாரின் சீட்டில் எழுதியிருந்த அந்த மூன்று சொற்கள் உங்கள் கணவருக்கும், கொழுந்தனாரின் மனைவிக்கும், அவர்கள் பிள்ளைக்கும் வந்த எச்சரிக்கை. அதை ஒருவரும் படிக்கவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் தட்டு.

புற்று ஒருவர் உடம்பிலிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. அது அவரவர் உடம்பின் சொந்த உயிரணு கட்டுப்பாடு இழந்து பெருகுவது. எச்சில், வியர்வை, ஒரே பாயில் படுப்பது, ஒரே குளியலறை என்று எதன் வழியாகவும் வராது. கரண்ட் வைத்ததால் உடம்பில் கதிர் தங்கியிருக்கும் என்ற பயமும் பல வீடுகளில் உண்டு. வெளியிலிருந்து இயந்திரம் கொடுக்கும் கதிர், அதை நிறுத்திய கணத்தில் நின்றுவிடும். கர்ப்பப்பை வாய்க்குள் சற்று நேரம் குழாய் வைத்துக் கொடுத்திருந்தாலும், குழாயோடு கதிரின் மூலமும் வெளியே வந்துவிடும். உங்கள் மகள் இன்று இரவே அப்பத்தா பக்கத்தில் படுக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் ஓர் அம்மா வந்தார். தாகமாக இருக்கிறது என்றார். செவிலியர் தண்ணீர் கொடுத்ததும், மஞ்சப்பையிலிருந்து தன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினார். அடியில் நெயில்பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தது, வீட்டில் மற்ற டம்ளர்களோடு கலந்துவிடாமல் இருக்க. "இதுல ஊத்திருங்கம்மா, உங்க டம்ளர் வீணாப் போயிரும்" என்றார். சிகிச்சை முடிந்து நோய் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது அவருக்கு. உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது அந்தப் புள்ளிதான் நினைவுக்கு வந்தது.

ஒட்டுவது எது?

கிருமியால் புற்று வரும் என்று உங்கள் ஊரில் சொல்வது முழுப் பொய்யும் அல்ல. அதனால்தான் அது இவ்வளவு குழப்புகிறது. சில கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றும். தொற்றியவர்களில் மிகச் சிலருக்கு, இருபது முப்பது வருடம் கழித்து, அது புற்றுக்கு வழிவிடும். தொற்றுவது கிருமி. புற்று அதன் பிறகு அந்த ஒரு உடம்புக்குள் மட்டும் நடக்கும் காரியம்.

உலகம் முழுவதும் 2018இல் புதிதாக வந்த புற்றுகளில் ஏறத்தாழ 22 லட்சம், அதாவது நூற்றுக்குப் 13, கிருமிகளால் வந்தவை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வயிற்றில் குடியிருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவுக்கு அதில் 8.1 லட்சம். கர்ப்பப்பை வாயைத் தாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கு 6.9 லட்சம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு 3.6 லட்சம், ஹெபடைடிஸ் சி வைரஸுக்கு 1.6 லட்சம். மீதிக் கிருமிகளின் பங்கு சிறிது. நூற்றில் 87 புற்றுகளுக்குக் கிருமியோடு சம்பந்தம் இல்லை என்பதையும் இதே கணக்கு சொல்கிறது. ஆனால் உறுப்பு வாரியாகப் பார்த்தால் படம் மாறும். கர்ப்பப்பை வாய்ப் புற்றில் கிட்டத்தட்ட அத்தனையும் எச்.பி.வி.யால் வருவது. மார்பகப் புற்றுக்கு அப்படி ஒரு கிருமி கிடையாது.

இந்த அளவுகோலை வைத்து உங்கள் வீதியைப் பாருங்கள். மாமியாருக்கு எச்.பி.வி. கொழுந்தனாருக்கு ஹெபடைடிஸ் பி. எதிர்வீட்டு ஆச்சிக்குப் பெரும்பாலும் பைலோரியும் வேறு சிலதும் சேர்ந்து. கடைக்காரர் புகையிலை போடுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அவருக்கு அது போதும். நாலு வீடு, நாலு உறுப்பு, நாலு காரணம். ஒரே ஊருணி ஒரே கிருமியைக் கொடுத்து இப்படி நாலு விதமாக நோய் வராது. தண்ணீரில் சந்தேகம் இருந்தால் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள், நல்ல காரியம்தான். ஆனால் அதையும் இதையும் முடிச்சுப் போடாதீர்கள்.

நம் பக்கத்து ஊர்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகப்பும் வளவும் பட்டாலையுமாக இத்தனை பெரிய வீடுகளில் இன்று இருப்பது யார்? பிள்ளைகள் சென்னை, பெங்களூர், சிங்கப்பூர் என்று போய்விட்டார்கள். வீதியில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். புற்று வயதோடு கூடும் நோய். வயதானவர்கள் நிறைந்த வீதியில் நாலு வருஷத்தில் நாலு என்பது பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் ஏதோ அதிசயம் நடந்துவிட்டதாக அர்த்தம் இல்லை.

மாமியாரும் அந்த வார்த்தையும்

உங்கள் நாத்தனார் செல்போனில் பாதி படித்துவிட்டு நிறுத்தியிருக்கிறார். எச்.பி.வி. தாம்பத்திய உறவில் பரவுவது, உண்மை. மீதிப் பாதி இது: தாம்பத்தியம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்தக் கிருமி வந்து போகும், ஆண் பெண் இருவருக்கும். கட்டிய கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்ணுக்கும் வரும். வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். மீதிச் சிலரிடம் அது ஒளிந்து தங்கும். அணு கெட்டுப்போகாமல் காவல் காக்கிற இரண்டு புரதங்களை அது மெல்ல முடக்கும். அங்கிருந்து புற்றாக மாறப் பதினைந்து, இருபது வருடம், சில சமயம் அதற்கும் மேலே ஆகும்.

அப்படியானால் உங்கள் மாமியாருக்குக் கிருமி எப்போது வந்திருக்கும்? கல்யாணமான புதிதில் வந்திருக்கலாம். யாரிடமிருந்து, எந்த வருடம் என்று சொல்லும் பரிசோதனை உலகத்தில் எங்கும் இல்லை. இந்த நோயை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை அளக்கவே முடியாது. இதை நாத்தனாரிடம் நீங்கள் நேராகச் சொல்லுங்கள். மருத்துவர் எழுதினார் என்று இந்தப் பக்கத்தையே காட்டினாலும் சரி.

மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் பட்டதை "சூடு" என்று எட்டு மாதம் சொல்லாமலே இருந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மனம் கனத்தது. அவர் ஏன் சொல்லவில்லை என்பதற்கு நாத்தனாரின் அந்த வார்த்தையே பதில். இப்படிப் பேசுகிற வீடுகளில் பெண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 1.25 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்று வருகிறது, முக்கால் லட்சத்துக்கும் மேல் இறக்கிறார்கள். வெட்கமும் அதில் ஒரு காரணம் என்று என் அனுபவத்தில் உறுதியாகச் சொல்வேன்.

உங்கள் மகளுக்கு ஊசி

கணவரின் பயத்தைத் தள்ளிவிடாமல் பதில் சொல்ல வேண்டும். 2009–10இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் பகுதியிலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு இந்த எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் ஒன்று நடந்தது. ஏழு சிறுமிகள் இறந்தார்கள், திட்டத்தை நிறுத்தினார்கள். நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து என்று அந்த மரணங்களில் பலவற்றுக்கான காரணங்கள் விசாரணையில் தெரிந்தன; ஊசி காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் பெற்றோரிடம் சரியாகச் சம்மதம் வாங்காமல் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டது போன்ற தவறுகள் நடந்தது உண்மை. வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றுவது அதன் மிச்சம். இன்ன மருந்து, எதற்கு, பக்கவிளைவு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதம் சொல்லவோ மறுக்கவோ உங்கள் இருவருக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்திக் குழந்தை மருத்துவரிடம் கணவரையே அழைத்துப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.

பிள்ளைப்பேறு கெடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கோடிக்கணக்கான ஊசிகள் போட்டு, வருடக்கணக்கில் கவனித்த பிறகு சொல்வது இது. சொல்லப்போனால் பிள்ளைப்பேற்றைக் கெடுப்பது அந்தப் புற்றும் அதற்கான சிகிச்சையும்தான். கைவலி, லேசான காய்ச்சல், ஊசிக்குப் பயந்து மயக்கம் வரலாம். பதினைந்து நிமிடம் உட்கார வைத்து அனுப்புவோம். ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்று ஒன்றுகூட வரவில்லை என்று 2024இல் ஆய்வு வெளியானது. இந்தியாவிலேயே சீரம் நிறுவனம் செய்யும் செர்வாவாக் என்ற ஊசி 2023 முதல் கிடைக்கிறது.

"நம்ம பிள்ளைக்கு எதற்கு" என்பதற்கு ஒரே பதில்: கிருமி வருவதற்கு முன்னால் போட்டால்தான் இந்த ஊசி முழுப் பலன் தரும். நாளைக்கு நீங்கள் முறையாகப் பார்த்துக் கட்டிக்கொடுக்கும் அந்த மாப்பிள்ளையிடமிருந்துகூட வரலாம் என்பதால்தான் பதின்மூன்று வயதில் போடுகிறோம். 15 வயது ஆவதற்குள் தொடங்கினால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. இந்த வயதினருக்கு ஒன்றே போதும் என்ற முறையையும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் ஏற்றுக்கொண்டது. எது என்று உங்கள் மருத்துவர் சொல்வார்.

உங்களுக்கு 42. நீங்கள் பரிசோதனை செய்துகொண்டதாகக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தை, கிட்டத்தட்டச் சமையல் வினிகர்தான், பஞ்சில் தொட்டுத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும். அவ்வளவுதான். சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் போனால் வருமே திண்டுக்கல், அந்த மாவட்டத்துக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களிடம் 2000ஆம் ஆண்டு தொடங்கி இதைச் செய்து பார்த்தார்கள். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை இந்தச் சோதனை செய்த ஊர்களில், செய்யாத ஊர்களைவிட இந்தப் புற்றால் சாவு 35 சதவீதம் குறைந்தது. 2007இல் வெளியான இந்த முடிவை உலகம் முழுக்க எடுத்துக்காட்டுகிறார்கள். நம் பக்கத்துப் பெண்கள் கொடுத்த பாடம், நாமே படிக்காவிட்டால் எப்படி?

கொழுந்தனாரின் சீட்டு

இப்போது நான் முதலில் சொன்ன விஷயம். இதுதான் அவசரம்.

ஹெபடைடிஸ் பி வைரஸ் பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் தானாகப் போய்விடும். பிறக்கும்போது தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளிடம் ஆயுளுக்கும் தங்கிவிடும். வலி இராது, மஞ்சள் காமாலைகூட வராமல் போகலாம். ஆளைப் பார்த்தால் ஆரோக்கியமாக இருப்பார். உள்ளே கல்லீரலின் அணுக்கள் வருடக்கணக்காகச் சாவதும் முளைப்பதுமாக இருந்து, நாற்பதுகளில் கல்லீரல் சுருக்க நோயாகவோ புற்றாகவோ வெளியே வரும். 44 வயதில் கல்லீரல் புற்று, கூடவே ஹெபடைடிஸ் பி என்றால், சிறுவயதிலேயே தொற்றியிருக்கலாம் என்றுதான் ஒரு மருத்துவர் முதலில் நினைப்பார். அப்படியானால் ஒரே வயிற்றில் பிறந்த உங்கள் கணவருக்கும் நாத்தனாருக்கும் வாய்ப்பு உண்டு. "நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்கிறாராம் உங்கள் கணவர். கொழுந்தனாரும் 43 வயது வரை அப்படித்தானே இருந்திருப்பார்? இந்தியாவில் 2022 கணக்கில் ஏறத்தாழ மூன்று கோடிப் பேர் இந்தக் கிருமியோடு இருக்கிறார்கள். மிகப் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

இது இரத்தம், தாம்பத்தியம், பிரசவம், சுத்தம் செய்யாத ஊசி, ஒருவர் சவரக்கத்தியை மற்றவர் பயன்படுத்துவது ஆகியவற்றால் பரவும். சாப்பாடு, தட்டு, டம்ளர், தொடுவது இவற்றால் பரவாது. நாளை வீட்டில் யாருக்காவது 'பாசிட்டிவ்' வந்தால், தயவுசெய்து இன்னொரு தட்டை ஒதுக்கிவிடாதீர்கள்.

இந்த வாரத்திலேயே செய்ய வேண்டியவை:

1. மாமியாரின் மதுரை மருத்துவமனைக் கோப்பை எடுங்கள். சிகிச்சைக்கு முன் பொதுவாக ஹெபடைடிஸ் பி உண்டா என்று காட்டும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. என்ற இரத்தச் சோதனை செய்திருப்பார்கள். முடிவு அதில் எழுதியிருக்கும்.

2. உங்கள் கணவர், நாத்தனார், கொழுந்தனாரின் மனைவி, அவர்கள் மகன், நீங்கள், உங்கள் மகள் எல்லாரும் அதே சோதனையைச் செய்துகொள்ளுங்கள். கூடவே உடம்பில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா, பழைய தொற்று உண்டா என்று காட்டும் இரண்டு சோதனைகளையும் கேளுங்கள். கணவரை இழந்து நிற்கும் உங்கள் ஓரகத்தியை முதலில் அழைத்துப் போங்கள்.

3. தொற்று இல்லை, எதிர்ப்புச் சக்தியும் இல்லை என்று வந்தால் தடுப்பூசி: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம். மகளின் தடுப்பூசி அட்டையில் ஹெபடைடிஸ் பி போட்டது பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

4. தொற்று இருந்தால் பயப்படாதீர்கள், தள்ளியும் போடாதீர்கள். கல்லீரல் சோதனைகளும் வைரஸ் அளவும் பார்த்து, தேவைப்பட்டால் தினம் ஒரு மாத்திரை. புற்று அபாயம் உள்ளவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேன். 2018இல் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். முடிவு உங்களுக்குச் சொந்தம், மருத்துவர் அதை ஊருக்குச் சொல்லக்கூடாது. பங்காளிகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கீழாநெல்லி போதும் என்று மாமனார் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அதை ஏளனம் செய்ய மாட்டேன். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லியைச் சோதித்தார்கள். சாப்பிட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு மற்ற நாடுகளில் செய்தபோது அதே பலன் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்னைவிட மகிழ்ந்திருக்கக்கூடியவர் யாரும் இல்லை. மாமனார் மோரில் கலந்து குடிக்கட்டும், ஆனால் இரத்தச் சோதனைக்குப் பதிலாக அதை வைக்க வேண்டாம்.

எதிர்வீட்டு ஆச்சி விஷயம் சுருக்கமாக. பைலோரி நம் நாட்டில் பெரியவர்களில் பாதிக்கு மேல் உண்டு. சிறுவயதில் குடும்பத்துக்குள்ளேயே தொற்றும். அவர்களில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவருக்குத்தான் புற்று வரும். எல்லாரும் ஓடிப்போய்ச் சோதிக்க வேண்டியதில்லை. ஆனால் ஆச்சியின் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் கேட்டுப் பார்ப்பது நல்லது, இருந்தால் இரண்டு வார மாத்திரையில் போகக்கூடியது. உப்பில் ஊறிய, உப்பிட்டுக் காயவைத்த உணவு அந்த அபாயத்தைக் கூட்டும் என்பதால் உப்புக்கண்டம், மோர்மிளகாய் எப்போதாவது இருக்கட்டும், தினம் வேண்டாம்.

படைப்பன்று மாமியாரை எல்லாரோடும் சேர்த்துப் பந்தியில் உட்கார வையுங்கள், பக்கத்தில் உங்கள் மகளை. அவருடைய தட்டையும் டம்ளரையும் அடுப்படியில் மற்றவற்றோடு சேர்த்துக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கணவரின் இரத்தச் சோதனை முடிவு வந்ததும், அந்தத் தாளில் உள்ளதை உள்ளபடி எழுதி எனக்கு அனுப்புங்கள். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.